பல் போன கப்பலின் சாரங்கு

மச்சான்,

இன்று காலை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். ஏதோ டியூஷன் சென்டர் விளம்பரம். பக்கத்தில் பக்கெட் நிறைய மைதாப் பசை, முந்தின நாள் காய்ச்சியது போல. அந்தப் புளித்த மாவு வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. நான் ஏற வேண்டிய பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனது. ஓடிப் பிடித்திருக்கலாம், முடியவில்லை. இத்தனை வருஷம் கழித்தும், பசை வாசனை வந்தால் பின்னாலேயே உன் மாமா சைக்கிளில் வருவார் என்றுதான் எனக்குப் பயம் வருகிறது.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நீ இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு வரி கூட எழுதியதில்லை. தினமும் ஒரே ரயிலில், ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வருகிறவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இப்போது எழுதத் தோன்றுகிறது. பதில் வராது என்பதால் நான் சொல்வதை நீ மறுத்துப் பேசவும் முடியாது. அந்த வசதி இதற்கு முன் எனக்குக் கிடைத்ததே இல்லை.

கடலூர் முதுநகரில் ஏறி சிதம்பரத்தில் இறங்குவோம். உனக்கு ஜவுளிக்கடையில் சட்டைத்துணி கிழிக்கிற வேலை. எனக்கு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கிற வேலை. அந்தப் பாசஞ்சர் ரயில்தான் நம் எழுத்து மேசை. ஆலப்பாக்கம் வருவதற்குள் நம் துப்பறியும் கதையில் ஒரு திருட்டு நடந்திருக்கும், கிள்ளை தாண்டுவதற்குள் விசாரணை ஆரம்பித்திருக்கும். முடிச்சுப் போடுவது நான், சிரிக்க வைப்பது நீ. நான் ராத்திரியெல்லாம் யோசித்துக் கட்டிக் கொண்டுவரும் முடிச்சை, நீ புதுச்சத்திரம் ஸ்டேஷனில் டீயை உறிஞ்சிக்கொண்டே கேலிக்கூத்தாக்குவாய். எனக்குக் கோபம் வரும். எதிர் பலகையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் அடங்கிப் போவேன்.

அப்படித்தான் 'பல் போன கப்பல்' உருவானது. நடுக்கடலில் ஒரு சரக்குக் கப்பல். கேப்டனின் தங்கப் பல்செட் காணாமல் போகிறது. பல் இல்லாத கேப்டன் கொடுக்கும் உத்தரவு யாருக்கும் புரியாததால் கப்பல் திசை மாறிப் போகிறது. விசாரிக்க வந்த துப்பறிவாளனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. மடியில் வாளியை வைத்துக்கொண்டே கேள்வி கேட்கிறான். திருடன் பெயரைச் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் அவனுக்கு வாந்தி வருகிறது. கடைசியில் திருடன் யாரென்றால், கப்பலின் சாரங்கு. டெக்கில் வேலை செய்யும் ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி.

நாம் இரண்டு பேருமே கப்பலில் கால் வைத்தவர்கள் கிடையாது. துறைமுகத்துக்கு வெளியே தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. நம் கையில் இருந்த முழுச் சரக்கும் உன் மாமா சொன்ன கதைகள். உன் அம்மாவின் அண்ணன், நீ கட்டிக்கொள்ளவிருந்த கயலின் அப்பா, முதுநகரில் 'கப்பல்காரர்' என்றால் அவர் ஒருவர்தான். பல வருஷம் சாரங்காக இருந்து, முட்டிவலி என்று சொல்லி முன்கூட்டியே வேலையை விட்டு வந்துவிட்டார் என்பது ஊர் அறிந்த விஷயம். சாயங்காலம் உப்பனாற்றுப் பக்கம் படகுகள் கட்டுகிற இடத்தில் உட்கார்ந்து அவர் பேச ஆரம்பித்தால் வலை பின்னுகிறவர்கள் கூடக் கையை நிறுத்திவிடுவார்கள்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. வீட்டை விட்டுக் கிளம்பும் முன், எங்கே போவதானாலும், "எல்லாம் கட்டியாச்சா?" என்று கேட்பார். கப்பல் கிளம்பும் முன் டெக்கில் சரக்கெல்லாம் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டதா என்று கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். கோயிலுக்குப் போகும்போதும் அதே கேள்விதான், தேங்காய்ப் பையைப் பார்த்து. இரண்டாவது, சாப்பிட உட்கார்ந்தால் சுற்றி இருக்கிறவர்களின் தலையை எண்ணாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். கடலில் ஒரு தலை குறைந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

நீ என்ன செய்தாய்? இரண்டையும் தூக்கி நம் திருட்டுச் சாரங்குக்குக் கொடுத்தாய். பக்கத்துக்குப் பக்கம் அவன் "எல்லாம் கட்டியாச்சா?" என்கிறான். பல்செட்டைத் திருடி இடுப்பில் முடிந்துகொண்டும் அதையே கேட்கிறான். "அப்படியே மாமா மாதிரியே இருக்குடா, மாத்து" என்று நான் சொன்னேன். "பேர மாத்திட்டோம் இல்ல, வுடு" என்றாய். நாவல் எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் பிழைப்பு நடத்துகிறார்கள் போல.

சென்னையில் ஒரு மாத நாவல்காரர் ஏற்றுக்கொண்டார். இருவர் பெயரையும் வெட்டி ஒட்டி ஒரு புனைபெயர் வைத்திருந்தோம், ஆகவே வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற தைரியம். கயலுக்கு மட்டும் தெரியும். ஊரெல்லாம் உங்கள் இரண்டு பேருக்கும் பெரியவர்கள் பேசி முடித்ததாக நினைத்தது. உண்மையில் நீங்கள் இருவரும் பேசி முடித்துக்கொண்டு, பெரியவர்கள்தான் பேசி முடித்தார்கள் என்று அவர்களையே நம்ப வைத்தீர்கள். அதிலும் அவள்தான் முடிச்சு, நீ வெறும் சிரிப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. அந்த வாரம் பார்த்துத்தான் புத்தகம் வந்தது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தது நான். பெருமையில் கண் கலங்கியது. எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், 'இதோ குற்றவாளி!' என்ற வரிக்கு நேர் கீழே, நம் இருவர் போட்டோ. கையெழுத்துப் பிரதியோடு ஸ்டுடியோவில் எடுத்து அனுப்பினோமே, அதே போட்டோ. புனைபெயருக்குக் கீழே பளிச்சென்று நீயும் நானும். திருடியது நாம்தான் என்று நினைக்கும்படி அச்சடித்திருந்தார்கள்.

சாயங்கால ரயிலில் உன்னிடம் நீட்டினேன். நீ சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். உன் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா மாசா மாசம் இந்த நாவல் வாங்குவாருடா. கடைசிப் பக்கத்தத்தான் மொதல்ல படிப்பாரு."

வெறும் கேலிக்கு அவர் கோபப்படுவார், காலில் விழுந்தால் சரியாகிவிடும் என்றுதான் அப்போது நான் நினைத்தேன். உன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் புத்தகத்தைக் காட்டியபோதுதான் உண்மையான பயம் ஆரம்பித்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கதையைக் கேட்கக் கேட்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். "திருடினது சாரங்கா? கேப்டன் ரூம்லருந்தா?" என்று இரண்டு முறை கேட்டார்கள்.

"அய்யோ, இது யாருடா உங்களுக்குச் சொன்னது?"

அப்போதுதான் தெரிந்தது. உன் மாமாவுக்கு முட்டிவலியே கிடையாது. அவருடைய கடைசிக் கப்பலில் கேப்டன் அறையிலிருந்து ஒரு கைக்கடிகாரம் காணாமல் போயிருக்கிறது. அன்றைக்கு அந்த அறைக்குள் ஆள் வைத்து ஜன்னல் சரிசெய்தவர் மாமா. சோதனை போட்டார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்த துறைமுகத்தில் அவரை இறக்கி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கப்பலும் அவரைக் கூப்பிடவில்லை. இது தெரிந்தவர்கள் மூன்றே பேர். மாமா, அத்தை, உன் அம்மா.

"நான்தான் உங்கிட்டச் சொன்னேன்னு அண்ணன் நெனைப்பாரு. இனிமே என் மூஞ்சில முழிக்க மாட்டாரு. பொண்ணும் குடுக்க மாட்டாரு" என்று அம்மா அழுதார்கள். நாம் கற்பனை என்று நினைத்து எழுதியது அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க மறைத்து வைத்திருந்த காயம். நான் போட்ட முடிச்சல்லவா அது? கேப்டன் அறை, சாரங்கு, சின்னதாக விலை உயர்ந்த ஒரு பொருள். கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று போட்டது.

நீ அழவில்லை. எழுந்து சட்டையை மாட்டினாய். "கடலூர்லயும் சிதம்பரத்துலயும் எவ்ளோ புக்கு இருக்கும்? எல்லாத்தையும் வாங்கிடுவோம்" என்றாய். இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனம். அன்று எனக்கு அது ஒன்றுதான் வழி என்று பட்டது.

மறுநாள் இருவரும் வேலைக்கு லீவு போட்டோம். முதுநகர் கடையில் தொங்கியதெல்லாம் எடுத்தோம். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஒன்று விடாமல் எடுத்தோம். பரங்கிப்பேட்டையில் கடைக்காரர், "ஒரே புக்க இத்தன எதுக்கு பாய்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "கல்யாணத்துல தாம்பூலப் பையில போட" என்றாய் நீ, கண் இமைக்காமல். சிதம்பரத்தில் அந்தக் கடைக்காரப் பையன் புத்தகத்தின் பின்பக்கத்தையும் உன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"சார், இது நீங்கதான?"

"எங்க அண்ணன். ரெட்டை."

"அப்ப இவரு?"

"அவுரும்தான். அவுங்க வூட்ல வேற ரெட்டை."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உர மூட்டைப் பையில் புத்தகங்களைத் திணித்துத் தலையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினோம். பெட்டியில் தெரிந்த முகம் ஒன்று வந்தால் கூட நீ மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாய். நம் முதல் நாவலின் மேல் நீ அப்படி உட்கார்ந்திருந்த காட்சிதான், உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருகிறது.

ஒரு நாள் நிம்மதி. அதற்குப் பிறகுதான் நம் புத்திசாலித்தனத்தின் பலன் தெரிந்தது. போன ஊரிலெல்லாம் வந்த மறுநாளே புத்தகம் காலியான செய்தி ஏஜென்ட்டுக்குப் போயிருக்கிறது. அந்த மனிதர் பூரித்துப் போய்ச் சென்னையிலிருந்து இன்னொரு கட்டு வரவழைத்துவிட்டார். அதோடு விட்டாரா? 'விற்றுத் தீர்ந்தது! மீண்டும் வந்தது! நம் மண்ணின் எழுத்தாளர்கள்!' என்று போஸ்டர். அதில் நம் போட்டோ, தலை மட்டும் பெரிதாக்கி. முதுநகர் ரயில்வே கேட் சுவரில் ஒட்டியிருந்தது. மாமா தினமும் சைக்கிளில் அந்த வழியாகத்தான் ஆற்றுப் பக்கம் போவார்.

அந்தச் சாயங்காலம் மறக்குமா? பசை இன்னும் காயவில்லை. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நகத்தால் சுரண்டினோம். உன் முகம் பாதி கிழிந்து வந்தது. என் முகம் வருவேனா என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. கேட் மூடியிருந்ததால் இந்தப் பக்கம் வண்டிகள் சேர்ந்துகொண்டே இருந்தன. எல்லோரும் நம்மைப் பார்த்தார்கள். பின்னால் சைக்கிள் மணி கேட்டது.

திரும்பினால் மாமா. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். என் கை முழுக்கப் பசை. உன் கையில் உன்னுடைய ஒரு காது. அவர் சுவரைப் பார்க்கவில்லை, நம்மைத்தான் பார்த்தார். ரயில் போனது, கேட் திறந்தது. பெடலில் காலை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"கைய கழுவிட்டு வூட்டுக்கு வாங்க."

அவர் வீட்டுக்குப் போகும் அந்தத் தெருவை நாம் எத்தனை முறை நடந்திருப்போம். அன்றைக்குத் தெரு முடியவே முடியாது போல இருந்தது. நீ வழியில் நின்று, "கயல் இல்லாம எனக்கு ஒண்ணும் வேணாம்டா. எழுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாய். நீ தமாஷ் பேசாமல் ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. உன் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

கூடத்தில் மாமா நாற்காலியில் இருந்தார். நம்மை உட்காரச் சொல்லவில்லை. உள்ளே அத்தையும் கயலும் இருக்கும் சத்தம் கேட்டது. முதுகுக்கு வைத்திருந்த தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதுநகர் கடையில் நாம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லையே?

"கடக்காரன் எனக்குன்னு மாசா மாசம் ஒரு புக்கு தனியா எடுத்து வெப்பான். நீங்க தொங்கறதத்தான வாங்குனீங்க? மொத நாளே படிச்சிட்டன். நீங்க மூட்டை தூக்கிகினு அலைஞ்சதும் தெரியும்."

வாடிக்கைக்காரனுக்கு எடுத்து வைக்கிற பிரதி. கடைக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலை. அத்தனை ஊர்க் கடைகளையும் துடைத்து எடுத்த நமக்கு, எந்த ஒருவர் படிக்கக் கூடாதோ அவருக்கென்று எடுத்து வைத்ததைக் கேட்கத் தோன்றவில்லை.

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். உள்ளே கேட்கக் கூடாது என்று தாழ்த்துகிறார் என்பது புரிந்தது. "இத யார்ரா உனக்குச் சொன்னது? உங்கம்மாவா?"

"யாரும் சொல்லல மாமா."

"அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது?"

பொய் சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கத்தினேன். தெரியாது என்று சொல்லியிருந்தால் அம்மா தப்பித்திருப்பார்கள். நீ பொய்யை மூச்சு விடுவது போலச் சொல்லக்கூடியவன், தாம்பூலப் பையும் ரெட்டைப் பிறவியும் உன்னிடம்தானே பிறந்தன. அன்று மட்டும் உன் வாயில் பொய் வரவில்லை.

"இப்ப தெரியும் மாமா. புக்கு வந்தப்புறம்தான் அம்மா சொன்னாங்க. அதுக்கு முன்னாடி சத்தியமா தெரியாது."

கேட்பவன் யாராக இருந்தாலும் நம்ப மாட்டான். மாமாவும் நம்பவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "படி" என்று புத்தகத்தை உன் மேல் வீசினார். "அவன் திருடற எடத்தப் படி."

நீ படித்தாய். சாரங்கு பல்செட்டை எடுத்து இடுப்பில் முடிகிறான். அதே நேரத்தில் எதிரே இன்னொரு கப்பல் வருகிறது. நம் கப்பல் பின்னால் போய் வழிவிட வேண்டும். நீ எழுதியிருந்தபடி, சாரங்கு கப்பலின் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, விசில் அடித்து, "வரலாம் வரலாம்... ரைட்ல ஒடி... போதும்" என்கிறான்.

மாமா கையைத் தூக்கினார். "நில்லு. இன்னொரு தபா படி."

இன்னொரு முறை படித்தாய். வரலாம் வரலாம், ரைட்ல ஒடி.

"கப்பல விசில் அடிச்சி ரிவர்ஸ் எடுக்கறானா?"

நீ குனிந்து அந்த வரியையே மறுபடி பார்த்தாய்.

"பின்னாடி நின்னுகினு? பஸ்ஸுக்குக் கிளீனர் மாதிரி?"

அவர் புத்தகத்தைப் பிடுங்கித் தானே புரட்டினார். நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டு எல்லோரும் தூங்கப் போகும் இடத்தைக் கண்டுபிடித்தார். கடல் ஆழம் தெரியாதாடா என்றார். புயலில் கப்பல் பஞ்சராகுமோ என்று சமையல்காரன் பயப்படும் இடத்தைப் படித்தபோது அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கோபம் என்று நினைத்து நான் ஒரு அடி பின்வாங்கினேன். சிரிக்கிறார். சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வர.

"என் தங்கச்சிக்கு சின்ன வயசிலயே கப்பல்னா என்னான்னு உக்காரவெச்சி சொல்லிக் குடுத்துருக்கன். அவ சொல்லியிருந்தா இப்பிடி எழுத மாட்டீங்க. இத எழுதனவனுக்கு ஒரு எழவும் தெரியாது."

நம் அறியாமைதான் அன்று நமக்குச் சாட்சி சொன்னது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்க்க எனக்கு முன்பைவிடப் பயமாக இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆனா இப்ப உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். இன்னிக்கு ஒனக்குப் பொண்ணக் குடுத்தா, நாளைக்கு ஒரு சண்ட வந்தா, திருடன் மவதானன்னு ஒரு வார்த்த வரும். அவளுக்கு ஒண்ணும் தெரியாதுடா. நான் முட்டிவலியில வந்தேன்னுதான் நெனைச்சிகினு இருக்கா. இந்தச் சம்பந்தம் வேணாம். உங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கறன்."

நீ சுவரில் சாய்ந்துவிட்டாய்.

கயல் சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். கையில் கரண்டி இருந்தது, அதை வைத்துவிட்டு வரவும் தோன்றவில்லை அவளுக்கு.

"எனக்குத் தெரியும்ப்பா. எட்டாவது படிக்கறப்பவே தெரியும்."

மாமா நிமிரவில்லை. "உங்கம்மா சொன்னாளா?"

"யாரும் சொல்லல. நீதான் சொல்லுவ, தூக்கத்துல. நான் எடுக்கல சார், நான் எடுக்கல சார்னு. தூக்கத்துல யாராவது பொய் சொல்லுவாங்களாப்பா?"

மாமா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை உள்ளே மூக்கை உறிஞ்சினார்கள். ரொம்ப நேரம் கழித்து அவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். நம் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்து விரலால் எண்ணினார்.

"அஞ்சு பேரு இருக்கோம். சோறு போதுமா பாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றினார்கள். நம் மூட்டையிலிருந்த புத்தகங்கள் நிஜமாகவே தாம்பூலப் பையில் போயின. மாமாதான் போடச் சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் படித்துச் சிரித்தார்கள். சாரங்கு யார் என்று அவர்களுக்குப் புரிந்தது, உள்ளே இருந்த காயம் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாம் ஏன் இரண்டாவது நாவல் எழுதவில்லை என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் நம்புவார்களா? மாமா ஒரே ஒரு கதைதான் கேட்டார். "சாரங்கு எடுக்கலன்னு ஒண்ணு எழுதுங்கடா." நாமும் உற்சாகமாக ஆரம்பித்தோம். சமையல்காரனை, கப்பலில் பண்டாரி என்பார்களே, அவனைத் திருடனாக்கி நீ கொண்டுபோனாய். "சேச்சே, பண்டாரி நல்லவன்டா, புள்ளகுட்டிக்காரன்" என்றார். சீஃப் ஆபீசரை வைத்தோம். "கோவக்காரன், ஆனா கை சுத்தம்." கடைசியில் கேப்டனே எங்கோ வைத்துவிட்டு மறந்துவிட்டார் என்றோம். "வயசானவரப் போயி..." என்று இழுத்தார். வெறுத்துப்போய் நீ, அலை அடித்துக் கடல் கொண்டுபோய்விட்டது என்று எழுதினாய். அதற்குத்தான் நிஜமாகவே கோபப்பட்டார். "எனக்கு சோறு போட்டதுடா அது. அது மேல பழி போடுவியா?" ஆதாரமில்லாமல் ஒருவன் மேல் பழி விழுந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த மனிதரிடம் திருட்டுக்கதை விற்க முடியாது. வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமெல்லாம் அப்படியே போனது. அந்த மாத நாவலும் நின்றுவிட்டது. உனக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள், நீ ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர் ஆனாய், தலை நரைத்தது, அப்போதும் அந்தக் கப்பலில் திருடன் கிடைக்கவில்லை.

பிறகு நீ போனாய். கடையில் காலையில் ஷட்டரைத் தூக்கியபோது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு உன் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் போகவில்லை.

பந்தலில் எல்லோரும் கிளம்பிய பிறகு மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவருக்கு இப்போது காது மந்தம், கண்ணும் சரியில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இன்னும் கயிறு இழுத்த பிடிதான்.

"ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லு. எங்கிட்ட அவன் என்னென்னமோ சொல்லுவான், எல்லாம் தமாஷு. ஒங்கிட்டதான் நெஜம் பேசுவான். நான் எடுக்கலன்னு அவன் நம்பினானாடா?"

நான் ஒரு முறை உன்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன், நினைவிருக்கிறதா? வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் போய்க்கொண்டிருந்தது. "நெஜமாவே அவுரு எடுத்துருப்பாரா?" என்றேன். முடிச்சுப் போடுகிறவனுக்கு அந்த அரிப்பு இருக்கும். நீ என்னை முறைத்தாய். "எடுத்தாரா இல்லையான்னு நான் யோசிச்சதே இல்லடா. எடுத்திருந்தா மட்டும் அவரு வேற ஆளா ஆயிடுவாரா? அப்பவும் அவரு எனக்கு மாமாதான்" என்றாய். அதற்கு மேல் சிதம்பரம் வரை நீ என்னோடு பேசவில்லை.

மாமா என் முகத்துக்கு நேரே காதைக் கொண்டுவந்து காத்திருந்தார். அவர் கேட்டது ஒரு வார்த்தை. நீ அவருக்கு வைத்திருந்தது அதைவிடப் பெரியது. ஆனால் வாழ்நாள் பூராவும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்த மனிதரிடம், உங்கள் மருமகன் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று நான் எப்படிச் சொல்வது?

"நம்பினான் மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு கையை விட்டார்.

நீ சொன்னதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கயலிடம் கூட. ரயிலில் தனியாக உட்கார்ந்து வரும்போது சில நாள் அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். என்ன தப்பு செய்திருந்தாலும் இவன் எனக்கு இன்னார்தான் என்று என்னைப் பற்றியும் ஒருவன் சொல்ல வேண்டும் என்று எனக்கும் ஆசை இருக்கிறது மச்சான். அப்படிச் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான் இருந்தாய்.